டிராயிங் மாஸ்டர் பதில்கள்: காக்கை நீலமா, கறுப்பா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: கலைஞர்களும் கவிஞர்களும் உலகத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பழைய தஞ்சாவூர்ப் படத்துக்குக் கண்ணாடி மாற்றுவது எப்படி என்று கேட்டவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓவியர்களும் கவிஞர்களும் உலகத்தை நம்மைப் போலத்தான் பார்க்கிறார்களா? அவர்கள் கண்ணுக்கு மட்டும் வேறு ஏதாவது தெரிகிறதா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

எல்லாருக்கும் இருப்பது ஒரே மாதிரிக் கண்தான் அம்மா. நமக்கும் தெரிகிறது. தெரிந்த உடனே 'சரி, இது செம்பு, இது கொக்கு' என்று பேர் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அவர்கள் போகாமல் நிற்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக மேஜைமேல் ஒரு பித்தளைச் செம்பை வைப்பேன். வரைந்து கொண்டுவருவார்கள். செம்பின் வாய் முழு வட்டமாக இருக்கும். அடிப்பாகம் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடாக இருக்கும். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாய் ஒடுங்கின நீள்வட்டமாகத்தான் தெரியும்; அடியும் வளைந்துதான் தெரியும். ஆனால் செம்பின் வாய் வட்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். செம்பு ஆடாமல் மேஜைமேல் நிற்கிறது என்பதும் தெரியும். தெரிந்ததை வரைந்துவிட்டார்கள், எதிரே இருந்த செம்பை யாருமே பார்க்கவில்லை.

பெரியவர்களும் இதே கதைதான். ஒரு முகம் வரையச் சொன்னால் கண்ணைக் கொண்டுபோய் நெற்றிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். உண்மையில் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நட்ட நடுவில் இருக்கிறது கண். சந்தேகமாக இருந்தால் ஸ்கேலோடு கண்ணாடிமுன் நின்று அளந்து பாருங்கள். தினமும் பவுடர் பூசுகிற முகத்திலேயே கண் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை.

கவிஞருக்கு வருவோம். குறுந்தொகையில் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது. ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள். அவன் என்னோடு கூடின அன்றைக்கு அங்கே வேறு யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரே ஒரு குருகு, அதாவது கொக்கு, மட்டும் இருந்தது. "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு" என்கிறாள். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது அது. தினைப்பயிரின் தாளைப் போல மெலிந்த பச்சைக் கால்கள் அதற்கு.

நம்மைக் கொக்கு வரையச் சொன்னால் வெள்ளை உடம்பு, நீளக் கழுத்து, கூர் மூக்கு என்று முடித்துவிடுவோம். கபிலர் காலைப் பார்த்திருக்கிறார். அவர் பார்த்தது எந்த இனமோ, வயல் பக்கம் போனால் மடையான் கொக்கின் காலைப் பாருங்கள், மஞ்சளும் பச்சையும் கலந்த மங்கலான நிறம். 'பசுங்கால்' என்பதை அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. அந்த ஒரே சாட்சியும் உதவாது, ஏனென்றால் அதன் கண் மீன்மேல் இருக்கிறது. கவிதையின் துக்கம் முழுவதும் 'ஆரல் பார்க்கும்' என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. அவ்வளவு நெருக்கமான நேரத்தில் அந்தப் பெண் ஏன் கொக்கின் காலைக் கவனித்தாள்? வெட்கத்தில் தலை குனிந்தவள் கண்ணில் படுவது கால்தானே! இது என் ஊகம். உரையாசிரியர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். காக்கைக்கு நீல நிறம் அடித்ததற்கு டீச்சர் தப்பு போட்டுவிட்டார். பையன் அழுகிறான். நான் என்ன சொல்வது?
– ஒரு தாய், விருதுநகர்

முதலில் பையனிடம் விசாரியுங்கள். கறுப்பு க்ரேயான் உடைந்துவிட்டது என்றால் விஷயம் முடிந்தது. புது டப்பா வாங்கிக் கொடுங்கள். 'நான் பார்த்தேன்' என்று சொன்னால் நியாயம் அவன் பக்கம்.

காலை வெயிலில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும் காக்கையைப் பாருங்கள். நம் வீட்டுக் காக்கைக்குக் கழுத்தும் நெஞ்சும் சாம்பல் நிறம். அதுவே முழுக் கறுப்பு என்கிற பேச்சை முடித்துவிடுகிறது. அது திரும்பும்போது இறக்கையில் நீலம், ஊதா, ஒரு கோணத்தில் பச்சைகூட மினுங்கும். இறகில் இருக்கும் சாயம் கறுப்புதான். இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்போது அந்த நீலம் வருகிறது. மேகம் மூடின நாளில் காணாமல் போய்விடும்.

நிழலும் அப்படித்தான். நிழல் கறுப்பு என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். வெள்ளையடித்த சுவரில் நல்ல வெயில் நேரத்தில் விழும் நிழலைப் பாருங்கள். சூரிய வெளிச்சம் நேராக அங்கே படவில்லை. ஆனால் வானத்தின் வெளிச்சம் படுகிறது, வானமோ நீலம். பிரான்சில் மோனே, பிஸ்ஸாரோ போன்ற ஓவியர்கள் 1870களில் நிழலுக்கு நீலமும் ஊதாவும் பூசினபோது, இவர்களுக்குக் கண்ணில் நோய் என்றே சில விமர்சகர்கள் எழுதினார்கள். உங்கள் பையன் நல்ல கூட்டத்தில்தான் சேர்ந்திருக்கிறான்.

டீச்சரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், பாவம், ஒரு வகுப்பு நோட்டுகளைத் திருத்துகிறார். பையனை மட்டும் ஒரு காலையில் மாடிக்கு அழைத்துப்போய், காக்கையில் எங்கே நீலம், எங்கே சாம்பல், எங்கே நிஜக் கறுப்பு என்று காட்டச் சொல்லுங்கள். பாரதியார் காக்கைச் சிறகில் கண்ணனின் கரிய நிறத்தைக் கண்டார். அந்தக் கண்ணனை நம் காலண்டர்காரர்கள் எந்த நிறத்தில் அச்சடிக்கிறார்கள் என்று டீச்சரே வீட்டுச் சுவரில் பார்த்துக்கொள்ளட்டும்.

மோனே ஒரே தேவாலயத்தை முப்பது தடவை வரைந்தார் என்று படித்தேன். வரைய வேறு விஷயமே கிடைக்கவில்லையா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோவை

முப்பதுக்கும் மேல் ஐயா. அவர் தேவாலயத்தை வரைந்தார் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கேள்வி சரி. ஆனால் அவர் விரட்டிக்கொண்டிருந்தது வெளிச்சத்தை.

1892லும் 1893லும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ரூவான் நகரத்தில் போய்த் தங்கினார். தேவாலயத்துக்கு எதிரே இருந்த கட்டடங்களில் மாடி ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பல கேன்வாஸ்கள். ஒன்றில் தீட்டிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் நகர்ந்துவிடும். அதை ஓரமாக வைத்துவிட்டு, மாறின வெளிச்சத்துக்கு உரிய கேன்வாஸை எடுப்பார். மறுநாள் அதே வெளிச்சம் வந்தால் முதல் கேன்வாஸுக்குத் திரும்புவார். மேகம் வந்தால் அன்றைய பிழைப்பு கெட்டது. மீதி வேலையை வீட்டில் முடித்து, 1895ல் பாரிஸில் 20 படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஒரே கல் ஒரு படத்தில் நீலச் சாம்பல், இன்னொன்றில் வெண்மஞ்சள், மற்றொன்றில் ஆரஞ்சு. வங்கியில் இருந்தவர் நீங்கள். ஒரே கணக்குக்கு முப்பது விதமான இருப்பா என்று கோபம் வரலாம். கல்லுக்கு என்று சொந்த நிறம் ஒன்று நிலையாக இருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் அவர் அசைத்துப் பார்த்தார்.

அந்த வரிசை முழுவதும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில படங்களில் வண்ணம் அப்பி அப்பிக் கட்டடமே மூச்சுத் திணறுகிறது. அதற்கு முன் 1890–91ல் செய்த வைக்கோற்போர் படங்கள்தான் எனக்கு நெருக்கம். நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் என்பதும் காரணமாக இருக்கும்.

கண் சம்பந்தமாக இன்னொரு செய்தி. 1912ல் மோனேவுக்குக் கண்புரை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கண்ணின் வில்லை பழுத்து மஞ்சளும் பழுப்புமாக ஆகும்போது நீலம் உள்ளே வர வழியில்லை. எது எந்த வண்ணம் என்பதை டியூபில் ஒட்டியிருந்த பேரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தீட்டின ஜப்பானியப் பாலம் படங்கள் சிலவற்றில் தோட்டம் முழுவதும் செம்பழுப்பாக எரிகிறது. 1923ல் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது; அதற்குப் பிறகு எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார். புரை எடுத்துக்கொண்ட நம் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், பழைய வேட்டி திடீரென்று சொட்டு நீலம் போட்டு அலசினது மாதிரித் தெரியும் என்பார்கள். நிறம் என்பது பொருளில் பாதி, நம்மிடம் பாதி. மோனேவுக்கு அது வலியோடு தெரியவந்தது.

ஓவியர்கள் ஏன் தாடி வளர்க்கிறார்கள்?
– பெயர் போடவில்லை, சேலம்

சவரம் செய்ய வேண்டிய நேரத்தில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

கவிதை எழுத உட்கார்ந்தால் நிலா, மழை, பிரிவு இதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. கற்பனையை எப்படி வளர்த்துக்கொள்வது?
– இளைஞர், பெரம்பூர்

கற்பனையைக் கொஞ்ச நாள் அது போக்கில் விட்டுவிடுங்கள் தம்பி.

பாரதியாரின் வசன கவிதைகளில் 'காற்று' என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள். ஒரு வீட்டு மாடியில் ஓலைப்பந்தல். மூங்கில் கழிகளைக் கயிற்றால் கட்டி மேலே தென்னங்கிடுகு போட்டிருக்கிறது. ஒரு கழியில் கட்டினது போக மிச்சக் கயிறு ஒரு சாண் தொங்குகிறது. நீங்களாக இருந்தாலும் நானாக இருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது, பட்டால் வெட்டி எறிந்திருப்போம். அவர் அது காற்றில் ஊசலாடுவதைப் பார்க்கிறார். பக்கத்தில் இன்னொரு கயிறு. ஒன்றின் பெயர் கந்தன், மற்றதன் பெயர் வள்ளியம்மை என்கிறார். இரண்டும் கொஞ்சிக் குலாவுகின்றன. கவிஞர் போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். அப்புறம்தான் காற்றுத்தேவன் தோன்றுகிறான். அவன் உடல் விசாலமாக இருக்கும் என்று நினைத்தாராம், வயிர ஊசிபோல் ஒளிவடிவமாக இருந்ததாம்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் பந்தல், அப்புறம் மூங்கில், அப்புறம் கயிறு, அதன் நீளம். தேவன் வருவதற்குள் நமக்கு அந்த மாடி முழுவதும் பழகிப்போய்விடுகிறது. எடுத்த எடுப்பில் 'காற்றுத்தேவனே!' என்று தொடங்கியிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்போம்.

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேவும் இந்தப் பாடத்தைப் படித்தார். 1902ல் சிற்பி ரோதேனைப் பற்றிப் புத்தகம் எழுதப் பாரிஸுக்குப் போனார். எழுதும் மனநிலை வரட்டும் என்று காத்திருக்கிற ரகம் அவர். ரோதேனோ காலையில் எழுந்தால் களிமண்ணில் கை வைக்கிற ஆள். ரோதேனின் பட்டறையில் பழகின பிறகு, ரில்கே அந்த ஊர் உயிரியல் பூங்காவில் கூண்டுச் சிறுத்தையின் முன்னால் போய் நின்றார். அந்தச் சிறுத்தைமேல் எழுதினது 12 வரிக் கவிதை. கம்பிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்த அதன் பார்வையில் இனி எதுவும் தங்குவதில்லை என்று தொடங்கும். தன் தனிமையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு தனிமை அதில் வந்திருக்காது.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: உங்கள் தெருவிலிருந்து ஒரே ஒரு பொருள். டீக்கடையில் பழத்தார் தொங்குகிற கயிறாக இருக்கலாம், ரயில்வே கேட்டுப் பக்கம் துருப்பிடித்த கம்பியாக இருக்கலாம். அதைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். அளவு, நிறம், எதன்மேல் சாய்ந்திருக்கிறது, வெயில் எந்தப் பக்கம் படுகிறது, இவ்வளவுதான் இருக்க வேண்டும். 'போல' வந்தால் அடித்துவிடுங்கள். பத்து வரி முடிந்த பிறகும் ஒரு உவமை போகாமல் அடம் பிடித்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிலாவுக்குத் தடை இல்லை. ஆனால் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சினிமாப் பாட்டில் இருக்கும் நிலாவை ஏற்கனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

செல்போனில் ஒரு நொடியில் படம் எடுத்துவிடலாம். மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைவதால் என்ன லாபம்?
– ஐ.டி. ஊழியர், ஓசூர்

போனில் எடுங்கள், நானும் எடுக்கிறேன். அதன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் பட்டனை அழுத்தின உடனே நம் மனசு 'ஆச்சு' என்று சொல்லிவிடுகிறது. வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் நாமே தீர்மானம் எடுத்தாக வேண்டும். இந்தக் கிளை எங்கே முடிகிறது, அந்தச் சுவரைவிட இது இருட்டா, வெளிச்சமா? பதில் தெரியாவிட்டால் மறுபடி நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்த நிமிர்ந்து பார்ப்பதுதான் லாபம்.

இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் என்ற ஓவியர் 1821, 1822ல் லண்டன் பக்கத்தில் ஹாம்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து வெறும் வானத்தையும் மேகத்தையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டித் தள்ளினார். பல படங்களில் கீழே ஒரு மரம்கூட இருக்காது. பின்பக்கம் தேதி, மணி, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்றெல்லாம் குறித்து வைத்தார். மேகம் அவருக்காகக் காத்திருக்காது, அதனால் வேகமாகத் தீட்ட வேண்டும். வேகமாகத் தீட்டுவதற்கு எது முக்கியம் என்று கண்ணுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காற்றிலும் தண்ணீரிலும் ஓடுகிற மாவு மில்காரர் மகன். காற்றையும் மேகத்தையும் பார்த்து வேலை செய்கிற குடும்பத்தில் வளர்ந்தவர், அந்தப் பழக்கம் தூரிகையிலும் வந்துவிட்டது.

பெரிய கலைஞர்கள் பலருக்கு மனநோய் இருந்ததாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் பித்து இருந்தால்தான் புதிதாகப் பார்க்க முடியுமா?
– செவிலியர், புதுச்சேரி

டச்சு ஓவியர் வான்கோவை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள். அவரைத் தன் காதை அறுத்துக்கொண்ட கதையோடு நிறுத்திவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

27 வயதில் ஓவியத்தைத் தொழிலாக எடுத்து 37 வயதில் இறந்தவர். கிடைத்தது பத்து வருஷம். 1882ல் ஹேக் நகரத்தில் இருந்தபோது மரச்சட்டத்தில் குறுக்கே நூல் கட்டின ஒரு கருவியைச் செய்வித்துக்கொண்டு, அதைக் கடற்கரைக்குத் தூக்கிப்போய் நட்டு, அதன் வழியாகப் பார்த்துத் தூரமும் அளவும் பழகினார். பித்துப்பிடித்தவர் செய்கிற காரியமா இது? தம்பி தியோவுக்கு எழுதின கடிதங்களைப் படித்தால் எந்த வண்ணத்தில் எத்தனை டியூப் வேண்டும், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வைத்தால் என்ன ஆகிறது என்று ஒரு மளிகைக் கணக்கின் ஒழுங்கு இருக்கும். நட்சத்திரங்கள் சுழலும் அந்தப் புகழ்பெற்ற இரவுப் படத்தை 1889 ஜூனில் பிரான்சின் சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது தீட்டினார், உண்மைதான். ஆனால் நோய் கடுமையாகத் தாக்கின வாரங்களில் அவரால் வரையவே முடியவில்லை. நோய் அவர் நாட்களைத் தின்றது. நீங்கள் செவிலியர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: துன்பப்படுகிறவரைப் பார்த்து 'இது உங்கள் வரம்' என்று சொல்வது எவ்வளவு கொடுமை!

எனக்கு 61 வயது. இனிமேல் ஓவியம் கற்றுக்கொள்ள முடியுமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1834ல் ஃபூஜி மலைப் படங்களின் தொகுப்பு ஒன்றுக்குப் பின்னுரை எழுதினார். ஆறு வயதிலிருந்து வரைகிறேன். 70 வயதுக்கு முன்னால் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல. 73 வயதில்தான் பறவை, விலங்கு, பூச்சி, மீன் இவற்றின் அமைப்பு ஓரளவு புரிந்தது. 110 வயதில் நான் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிரோடு இருக்கும் என்கிறார். உலகமே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளும் அந்தப் பெரிய அலைப் படம் அவருடைய எழுபதாவது வயதையொட்டி வந்தது. 1849ல், தொண்ணூறை நெருங்கும்போது இறந்தார். அவர் கணக்குப்படி உங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கவே நேரம் வரவில்லை.

2பி, 4பி பென்சில் ஒவ்வொன்று, கார்ட்ரிட்ஜ் பேப்பர் நோட்டு ஒன்று வாங்குங்கள். ரப்பர் வாங்காதீர்கள். சமையல்கட்டில் பூண்டு இருக்குமே, ஒரு முழுப் பூண்டை ஜன்னலோரம் வைத்து அதன் தோல் எங்கே கிழிந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். வெங்காயத்தைவிடப் பூண்டு நல்ல வாத்தியார்.

அடுத்த வாரம் பிள்ளைகளோடு மாமல்லபுரம் போகிறோம். ஓவியர் கண்ணோடு பார்க்க ஒரு வழி சொல்லுங்களேன்.
– அரசு ஊழியர், வேலூர்

அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. அதனால் காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் போனால் புடைப்பெல்லாம் தட்டையாகத் தெரியும். தேவர்களையும் கந்தர்வர்களையும் கைடு காட்டிவிடுவார், அது இருக்கட்டும். பெரிய யானைக்குப் பக்கத்தில் பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிற பூனை ஒன்று இருக்கிறது. அதை நம்பிச் சுற்றிலும் எலிகள். மேலே தவம் செய்கிற முனிவரையும் இந்தப் போலித் துறவியையும் ஒரே பாறையில் செதுக்கினவனுக்கு எவ்வளவு குசும்பு! பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிற மானும் அங்கே உண்டு. ஏழாம் நூற்றாண்டில் அந்தச் சிற்பி எங்கேயோ ஒரு மான் அப்படிச் சொறிவதைப் பார்த்திருக்கிறான், அதைக் கல்லில் வைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். அங்கே ஒருவர் பால் கறக்கிறார், பசு கன்றை நக்குகிறது. பிள்ளைகளிடம் எதையும் காட்டாதீர்கள். பூனையையும் மானையும் அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும், முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் வெயில் பொசுக்கிவிடும்.